நாலரை பைண்ட்

ஹான்காக், மிச்சிகன்
செப்டம்பர் 6, 2022

அன்புள்ள டெல்மர்,

இங்கே நலம். உன் நலமும் உன் புதுக் காதுக்கருவியின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியிலேயே பேசிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். உனக்குக் காது கேட்காது, எனக்குக் குரல் எழாது. நீ அரிசோனாவுக்குப் போன பிறகு இந்தப் பதினோரு வருடமும் நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வந்திருக்கிறது.

ஓர் உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

ஜீப்பின் பின் ஆக்சில் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்தின் முன் நிறுத்தும்போது பின்பக்கம் எதுவோ முறிந்த சத்தம் கேட்டது. வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. டார்லாவின் கராஜுக்கு இழுத்துப் போனார்கள். அது உன் கராஜ்தான் என்றாலும் இப்போது எல்லோரும் டார்லா கராஜ் என்றே சொல்கிறார்கள். அவள் என்னிடம் வேதியியல் படித்தவள் என்பதால் இந்த நாற்பத்தைந்து வயதிலும் 'சார்' என்கிறாள். தூக்கிப் பார்த்துவிட்டு, பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடமே துருவேறிப் பெயர்ந்துவிட்டது என்றாள். ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டினாள். ஆக்சில் குழாய்க்குள் இறங்கியது. இருபத்தைந்து குளிர்காலம் சாலையில் போட்ட உப்பு. பற்றவைக்க முடியாதா என்று கேட்டேன். "சார், இதுல வெல்டிங் வைக்கறது வெண்ணெயில ஆணி அடிக்கற மாதிரி" என்றாள்.

இந்தப் பக்கத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் இருப்பதெல்லாம் இதே கதிதான். உப்பே பார்க்காத ஆக்சில் வேண்டுமென்றால் உங்கள் பாலைவனத்தில்தான். தேடித் தருவாயா?

விவரம் சொல்கிறேன். வாங்கிய அன்று வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விவரக் காகிதத்தை வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது பெரிய ஆக்சில், இழுவைக்கான கூடுதல் பொருத்தங்களோடு. நீயும் நானும் ஒரே நாளில், ஒரே பச்சை நிறத்தில் இரண்டு ஜீப் வாங்கினோம். நான் மட்டும் பெரிய ஆக்சில் கேட்டேன். "எதை இழுக்கப் போற வாத்தியாரே, கரும்பலகையையா?" என்று நீ கேட்டாய். விற்பனைக்காரரும் சிரித்தார். பற்சக்கரங்களின் விகிதம் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கரமும் ஓடும்போது ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. விகிதத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இனி எதையும் இழுக்கப் போவதில்லை, பிறகு ஏன் பெரியது என்று கேட்பாய். 2005 ஆகஸ்ட் பதினாலுதான் காரணம். படகோடு துறைமுக மேட்டில் ஏறும்போது வலது பின்சக்கரம் ஆக்சிலுக்குள் சுழலும் தண்டோடு முறிந்து கழன்று, வண்டி பள்ளத்தில் இறங்கி, பக்கத்தில் இருந்த என் மனைவி ஐலியின் முழங்கால் நொறுங்கியது. இருபத்தாறு வருடம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள், அதன்பிறகு கால்கட்டைகளை மிதிக்க முடியாமல் போனாள். ஐயாயிரம் பவுண்டு வரை இழுக்கலாம் என்று காகிதம் சொன்னது, நான் மூவாயிரத்து இருநூறுதான் ஏற்றினேன். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அந்தக் கணக்கு செல்லாது என்று இழுவை வண்டியோடு வந்த நீதான் எனக்குச் சொன்னாய். அதைப் படிக்காமல் விட்டது நான். அவள் சாகும் வரை ஒவ்வோர் ஆகஸ்ட் பதினாலும் அவளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவள் புகைப்படத்திடம் கேட்கிறேன். என்னால் கெட்டுப்போன அந்த வண்டி, வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே என்னிடம் முடிய வேண்டும். கிழவனின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்.

பனி விழுவதற்குள் கிடைத்தால் நல்லது. இதைச் சாக்கு வைத்து வண்டியை விட்டுவிடச் சொல்கிறாள் மகள் கேரின்.

உன்,
ரெய்னோ


கிங்மன், அரிசோனா
செப்டம்பர் 14

வாத்தியாரே,

ஆறு பக்கம் எழுதியிருக்க. 'டெல்மர், ஆக்சில் வேணும்'னு ஒரு வரி போதாதா? எனக்கு எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன், தப்பு திருத்தாத.

இங்க இன்னும் நூத்தியஞ்சு டிகிரி. காதுக்கருவி வேர்வையில ரெண்டு தடவ செத்துப் பொழச்சிடுச்சு. பழைய வண்டி யார்டு பக்கத்துலயே நாலு இருக்கு. அங்க கெடக்கற இரும்புக்குத் துருன்னா என்னன்னே தெரியாது. தேடறேன், கவலப்படாத.

ஆனா பெரிய ஆக்சிலுக்கு அலையாத. அதெல்லாம் கெடைக்காது. பாறையில வண்டி ஏத்தறவனுங்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டானுங்க. உனக்குச் சின்னதுதான் சரி. ஹேண்ட்பிரேக் கேபிளும் உன் வண்டியில சின்னதுக்கு ஏத்த நீளத்துலதான் இருக்கு, பெருச மாட்டினா மறுபடி கேபிளுக்கு அலையணும். காகிதத்தப் பாத்து சாமான் வாங்காத வாத்தியாரே. அடியில என்ன இருக்கோ அதப் பாத்து வாங்கு. நாப்பது வருஷம் அந்தக் குழியில நின்னவன் சொல்றேன்.

அந்த ஆகஸ்ட் கதையையும் விடு. பதினேழு வருஷம் ஆச்சு. அவளே எப்பவோ விட்டுட்டா.

டார்லா பட்டறையில இரும்பக் கவ்விப் பிடிக்கற என் பெரிய வைஸ உடைக்காம வச்சிருக்காளான்னு பாத்து எழுது.

டெல்மர்


ஹான்காக்
செப்டம்பர் 22

அன்புள்ள டெல்மர்,

வைஸ் நலமாக இருக்கிறது. டார்லா அதற்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றே அவளிடம் போனேன். கேபிளைப் பற்றி நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "சார், குனிஞ்சு பாருங்க" என்றாள். பெரிய ஆக்சிலின் மூடி அடியில் தட்டையாக இருக்குமாம், சின்னதற்கு முட்டை வடிவம். இருப்பது முட்டை. கேபிளும் நீ சொன்னபடியே சின்னதற்கானது.

"காகிதம் ஒண்ணு சொல்லுது, வண்டி ஒண்ணு சொல்லுது சார்" என்றாள். பிறகு, "டெல்மருக்கு அங்கேருந்தே எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அவனுக்கு இரும்பு விஷயத்தில் நல்ல ஞாபகம், 2005இல் உடைந்த தண்டை மாற்றியவனே அவன்தான் என்றேன். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை சுத்தமான பிறகும்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒன்று, விற்றவர் என்னை ஏமாற்றி, பெரியதற்கான காகிதத்தை ஒட்டிச் சின்னதைக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது நான் ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று முதலில் தோன்றியது. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. சின்ன ஆக்சில் உள்ள வண்டி இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று கையேட்டில் தனிப் பட்டியலே இருக்கிறது. அப்படியானால் அன்று தண்டு முறிந்தது நான் டிரெய்லர் பிரேக் பற்றிப் படிக்காததால் அல்ல. அடியில் இருந்தது வேறு ஆக்சில் என்பதால். உடைந்த தண்டு உன் கையில்தான் இருந்தது. அது சின்னதன் தண்டு என்று உனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு ஏன் பிரேக் என்று சொன்னாய்?

நான் கேட்பது முரட்டுத்தனமாக இருந்தால் மன்னித்துவிடு. இதை மட்டும் எழுது, போதும்.

உன்,
ரெய்னோ


கிங்மன்
அக்டோபர் 1

வாத்தியாரே,

வித்தவன் உன்ன ஏமாத்திட்டான். அவ்வளவுதான். அந்த ஆளு செத்து, கடை போய், அந்த எடத்துல இப்ப பீட்சா விக்கறாங்க. யார்கிட்டப் போய்க் கேப்ப?

ஆமா, தண்டப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுது. சொல்லல. ஐலி ஆஸ்பத்திரியில கெடந்தா, நீ மூணு நாளா முகம் கழுவாம உக்காந்திருந்த. அன்னிக்கு சொல்லியிருந்தா வக்கீல், கேஸுன்னு அலைஞ்சிருப்ப, முழங்கால் திரும்பி வந்திருக்குமா? பிரேக்னு வாயில வந்துச்சு, சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்.

நல்ல சின்ன ஆக்சில் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஒரு பொட்டுத் துரு இல்ல. உன் விகிதமேதான், சக்கரத்தச் சுத்தி எண்ணிப் பாத்துட்டேன். வர்ற வாரம் லாரியில ஏத்தறேன். மாட்டு, ஓட்டு, மறந்துடு.

டெல்மர்


ஹான்காக்
அக்டோபர் 9

டெல்மர்,

ஆக்சிலை இப்போது அனுப்ப வேண்டாம். முதலில் இதைப் படி. நான் நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

விற்றவரைப் பற்றி நீ எழுதியதை நம்பினேன். மூன்று நாள் அந்த மனிதர் மேல் கோபமாகக்கூட இருந்தேன். பிறகு, இறந்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன் சரிபார்ப்பது முறை என்று தோன்றி, வண்டிக்கான நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அதைப் பார்த்துத்தானே நீ சிரிப்பாய், "வண்டிக்கு ஜாதகம் எழுதறியா?" என்று. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறையும் எத்தனை பைண்ட் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கண்ணாடி அளவுக்குடுவையில்தான் அளப்பேன்.

பின் ஆக்சிலுக்கான பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

1999 ஜூன்: நாலரை பைண்ட்.
2001 ஏப்ரல்: நாலரை பைண்ட்.
2002 செப்டம்பர்: மூன்றரையிலேயே நிரம்பி வழிந்தது. ஒரு பைண்ட் தரையில். முந்தைய இரண்டு முறையும் குடுவையைத் தவறாகப் படித்திருக்கிறேன் போலிருக்கிறது. என் பிழை.

அதற்குப் பின் இன்றுவரை மூன்றரைதான்.

டார்லாவிடம் ஒன்றும் சொல்லாமல், பெரியது எவ்வளவு பிடிக்கும், சின்னது எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் கேட்டேன். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். பெரியதற்கு நாலரை, சின்னதற்கு மூன்றரை.

ஆகவே விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. 2001 ஏப்ரல் வரை அடியில் இருந்தது பெரிய ஆக்சில். 2002 செப்டம்பரில் இருந்தது சின்னது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக்கொடுத்தவன், அளவு மாறினால் பொருள் மாறியிருக்கும் என்று நினைக்காமல், தரையைத் துடைத்துவிட்டு 'என் பிழை' என்று எழுதி மூடியிருக்கிறேன்.

அந்தப் பதினேழு மாதத்தில் வண்டி என் கண்ணைவிட்டுப் போனது ஒரே ஒரு முறை. கேரினின் பிரசவத்துக்கு நாங்கள் மினியாபொலிஸ் போன ஆறு வாரம். சைலன்சர் மாற்ற உன் கராஜில் விட்டுப்போனேன். திரும்பி வந்தபோது வண்டியைக் கழுவித் துடைத்து எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாய். ஐலி உனக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இருபத்தொரு வருடமாக அந்தக் கழுவின வண்டியை நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே கோடையில் உன் ஜீப் படகு கட்ட ஏரியில் போடும் மர மேடைகளை இழுத்துக்கொண்டு போனதும் நினைவுக்கு வருகிறது. "சின்ன ஆக்சிலை வெச்சுக்கிட்டு எப்படிடா இழுக்கறே?" என்று யாரோ உன்னைக் கேட்டார்கள். "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் இழுக்கும்" என்றாய். நானும் சிரித்தேன்.

நான் தவறாக இருக்கலாம். என் வாழ்க்கையில் பெரும்பாலும் தவறாகத்தான் இருந்திருக்கிறேன். ஐலியின் முழங்கால் என் கணக்குப் பிழையா, இல்லையா? எனக்கு எழுபத்தொன்பது வயது. இது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். நான் எழுதியிருப்பது பொய் என்று நீ ஒரு வரி எழுதினால் நம்பிவிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரெய்னோ


கிங்மன்
அக்டோபர் 24

ரெய்னோ,

பொய் இல்ல.

ஒரு வரி கேட்ட, எழுதிட்டேன். அதோட நிறுத்தணும்னுதான் உக்காந்தேன், முடியல.

அந்த மேடை வேலைய ஒத்துக்கிட்டேன். என் ஆக்சில் தாங்காதுன்னு தெரியும். உன் வண்டி லிஃப்ட்டு மேல நிக்குது, அடியில பளபளன்னு பெரிய ஆக்சில். நீ பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போய்வர அது எதுக்கு? ரெண்டு வண்டிக்கும் ஒரே விகிதம், ஓட்டறப்ப எவனுக்கும் தெரியாது. ஒரு சனி, ஒரு ஞாயிறு. மாத்திட்டேன். கோடை முடிஞ்சதும் திருப்பி மாட்டிடலாம்னுதான் நெனச்சேன், சத்தியமா. அப்புறம் பனி வந்துச்சு, வேலை வந்துச்சு. நீ ஒண்ணும் கேக்கல. கேக்காதவன்கிட்ட எப்பிடிச் சொல்றது?

2004ல நீ படகு வாங்கிட்டு வந்து நின்ன பாரு, அன்னிக்கு என் கண்ணு உன் வண்டி அடியிலதான் போச்சு. அடுத்த வாரம் ஏதாவது சாக்கு சொல்லி வண்டிய வாங்கி மாத்திடணும்னு நெனச்சேன். அந்த அடுத்த வாரம் ஒரு வருஷம் ஆயிடுச்சு.

மேட்டுல நான் வந்தப்ப நீ பள்ளத்துல நின்னுக்கிட்டிருந்த. அவளத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீ என்னப் பாத்து முதல்ல கேட்டது, "அதிகமா ஏத்திட்டேனா டெல்மர்? என் கணக்கு தப்பா?" பதில நீயே கையில எடுத்துக் குடுத்த. வாங்கிக்கறதுக்கு ஒரு நொடிதான் ஆச்சு. அந்த பிரேக் கதைய அங்கயே ஜோடிச்சேன்.

இன்னொண்ணு. இத எழுதலாமா வேணாமான்னு பத்து நாளா கெடக்கறேன். நீ ஒவ்வொரு ஆகஸ்ட்டும் மன்னிப்பு கேக்கறேன்னு எழுதினத மறுபடி படிச்சேன். எழுதிடறேன்.

ஐலிக்குத் தெரியும். நான் சொன்னேன். 2011 செப்டம்பர், நான் கெளம்பறதுக்கு முந்தின வாரம். நீ பல் டாக்டர்கிட்டப் போயிருந்த. பொகையில வச்ச மீன் குடுக்கற மாதிரி வந்தேன். சமையல்கட்டு மேசையில உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அவ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே கேட்டா. கத்தல, அழல. அந்தக் கிழங்க முழுசா உரிச்சு முடிச்சா. அப்புறம் சொன்னா: "இப்ப தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? கால் மடங்குமா?"

உன்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்னேன். வேணாம்னுட்டா. அவ சொன்னத மறக்கல, அப்படியே எழுதறேன். "அவருக்கு இருக்கறது நீ ஒருத்தன்தான். தப்பு தன்னோடதுன்னா அவர் தாங்கிப்பார், பழகிட்டார். உன்னோடதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டார். கடுதாசி மட்டும் விடாம போடு."

அதனாலதான் விடாம போட்டேன். எழுத வராதவன் பதினோரு வருஷம்.

நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்.

போன வாரம் கொட்டாயில கெடந்த என் ஜீப்பத் தூக்கி நாலு கட்டை மேல வச்சேன். ஆக்சிலக் கழட்டிட்டேன். ஒரு போல்ட்டுக்கு அரை நாள் ஆச்சு. பெட்டியில அடிச்சு லாரியில ஏத்தியாச்சு. சின்னது ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்னு எழுதினேனே, அது கெடக்கட்டும். நீ தேடச் சொன்னது இதத்தான். பதினோரு வருஷமா இந்தக் காஞ்ச ஊருல கெடந்த இரும்பு, துருவெல்லாம் நின்னுபோச்சு. உன் காகிதத்துல எழுதியிருக்கறது இதுதான்.

டெல்மர்


ஹான்காக்
நவம்பர் 12, 2022

டெல்மர்,

பெட்டி ஒன்றாம் தேதி வந்து சேர்ந்தது.

டார்லா மூன்று நாளில் மாட்டிவிட்டாள். மூடி அடியில் தட்டையாக இருக்கிறது. மாட்டுவதற்கு முன் சக்கரத்திலும், இன்ஜினின் சுழற்சி வந்து சேரும் பினியன் முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நானே சுற்றி எண்ணிப் பார்த்தேன். உன் சொல்லை நம்பி இனி எதையும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். விகிதம் சரியாக இருந்தது. எண்ணெயை நான்தான் ஊற்றினேன், அதே குடுவையில். நாலரை பைண்ட். ஒரு சொட்டு வழியவில்லை. டார்லா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க எப்பவும் சரியாத்தான் அளந்திருக்கீங்க" என்றாள். ஒரு நிமிடம் என்னால் மூடியைத் திருக முடியவில்லை. அவளே வாங்கித் திருகினாள்.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் 2002 செப்டம்பரைத் திறந்து, 'என் பிழை' என்ற இரண்டு சொல்லையும் அளவுகோல் வைத்து அடித்தேன். 2005 ஆகஸ்ட் பக்கத்தில் அதே சொற்கள் பதினோரு இடத்தில் இருக்கின்றன. அவற்றையும் ஒவ்வொன்றாக அடித்தேன்.

நீ ஆக்சிலை எடுத்ததைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இது உனக்கும் தெரியும். கேட்டால் கொடுக்கிறவன் என்பதால்தான் கேட்காமல் எடுத்தாய் என்று நினைக்கிறேன். பள்ளத்தில் நின்று நான் கேட்ட கேள்வியை நீ எனக்கு எதிராகவே பயன்படுத்தினாய். அதைத்தான் என்னால் கடக்க முடியவில்லை. இரும்பை எடுத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. என் நிம்மதியை எடுத்தது பதினேழு வருடம்.

ஐலியைப் பற்றி நீ எழுதியது பொய் என்று நம்ப இரண்டு நாள் முயன்றேன். இறந்துபோன ஒருத்தியைத் துணைக்கு இழுத்துக்கொள்வது சுலபம், அவன் அப்படிப்பட்டவன்தான் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் எனக்கு ஒருவித ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சரிபார்க்காமல் விட முடியவில்லை. சரிபார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு ஐலி ஜீப்பில் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்று பின் இருக்கைக்குப் போய்விடுவாள். நான் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் கையை அவள் நம்பவில்லை, அதைச் சொல்லாமல் இருப்பது அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். ஆறு வருடம் அவள் முகத்தை மேலே இருந்த கண்ணாடியில்தான் பார்த்து ஓட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் புறப்படும்போது, ஊன்றுகோலைப் பின்னால் போட்டுவிட்டு முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருகாமல் இருந்தேன். "என்ன, போகலையா?" என்றாள். அவ்வளவுதான். தேவாலயம் வரை சாலை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கொடுத்த எதையும் நான் அவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. மேப்பிள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. 2011 அக்டோபர். நீ போய் மூன்று வாரம்.

ஆகவே நீ எழுதியது உண்மை.

அது மன்னிப்பு அல்ல, டெல்மர். மன்னிக்க ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஐந்து ஆகஸ்ட் வந்தது. ஐந்து முறையும் நான் காபியைக் கொண்டுபோய் நீட்டி, என் கணக்குப் பிழையை மன்னித்துவிடு என்றேன். "சரி சரி, ஆறிடும், உட்காருங்க" என்று வாங்கிக்கொண்டாள். தெரிந்துகொண்டே வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரு சிநேகிதன் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அவள் எனக்காக மிச்சம் வைத்தது உன்னை.

அவளைக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்க எதுவும் இல்லை.

நேற்று வண்டியைத் துறைமுக மேடு வரை ஓட்டிப் பார்த்தேன். முதல் பனி ஓர் அங்குலம் விழுந்திருந்தது. நாலு சக்கரமும் போட்டு ஏறினேன். பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. உச்சியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

நீ அனுப்பிய அதே பெட்டியில் உன் சின்ன ஆக்சிலை வைத்து ஆணி அடித்து, இன்று காலை லாரியில் ஏற்றியிருக்கிறேன். ஸ்பிரிங் உட்காரும் இடம் பெயர்ந்திருக்கிறது, குழாயில் ஓட்டை இருக்கிறது. எதற்கும் பயன்படாது என்று டார்லா சொல்கிறாள். இருந்தாலும் அது உன்னுடையது. இருபத்தொரு வருடம் தெரியாமல் வைத்திருந்துவிட்டேன்.

வந்து சேர்ந்ததற்கு லாரிக்காரரின் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடு. அதன் நகல் எனக்கு வரும், போதும். கடிதம் வேண்டாம்.

ரெய்னோ ஹாபலா